இரண்டு மார்க் அதிகம்

ஜூன் 9, திங்கள்

காலையிலிருந்து தூறல். கிருஷ்ணகிரி பஸ்ஸில் ஜன்னல் மூடவில்லை. ரேவதியின் வலது தோள் முழுக்க நனைந்துவிட்டது. (முழுப் பெயர் எழுதக் கை வலிக்கிறது. இனி ரே.)

பெரியாஸ்பத்திரி. மருத்துவ வாரியத்தின் முடிவு கைக்கு வந்தது. 25 சதவீதம். நமக்கு வேண்டியது 40.

பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில் அந்தத் தாளை நான்கு முறை படித்தேன். சமூக முதிர்ச்சி மதிப்பெண் எழுபத்தொன்று. அறுபத்தொன்பதில் நின்றிருந்தால் 50 சதவீதம் போட்டிருப்பார்களாம். எழுபதைத் தொட்டால் 25. நடுவில் ஒன்றும் கிடையாது. என் மகள் இரண்டு மார்க் அதிகம் வாங்கிவிட்டாள். இருபத்து மூன்று வயதில் முதல் தடவையாக ஒரு பரீட்சையில் பாஸ்.

தப்பு என்னுடையது. இப்போதே எழுதி வைக்கிறேன், நாளைக்கு வேறு யார் தலையிலாவது போடத் தோன்றும்.

கம்பெனியில் கஸ்டமர் ஆடிட் என்றால் மூன்று வாரம் முன்பே தொடங்கிவிடுவோம். தரையில் மஞ்சள் கோடு புதிதாக அடிப்போம். ஆபரேட்டர்களுக்குக் கேள்வி பதில் மனப்பாடம். ஆடிட்டர் எதைக் கேட்டாலும் ‘ஆமாம்’, அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசக் கூடாது. இருபத்தெட்டு வருடமாக இதைச் சொல்லிக் கொடுப்பவன் நான்தான். வாரியம் என்றதும் என் புத்தி அங்கேதான் போயிற்று. ரே.வுக்கு மூன்று வாரம் பயிற்சி. பெயர், அப்பா பெயர், தெரு, கிழமை, பத்து ரூபாய் எது, ஐம்பது எது. போன திங்கள் எண்ணெய் வைத்து இரட்டை ஜடை போட்டு, இஸ்திரி போட்ட சுடிதாரில் கூட்டிக்கொண்டு போனேன். சைக்காலஜிஸ்ட் அம்மா கேட்டதற்கெல்லாம் நான் ஆமாம் ஆமாம்.

தானே தலை சீவுவாளா? ஆமாம். கடைக்குத் தனியாகப் போவாளா? ஆமாம். காசு எண்ணுவாளா? ஆமாம்.

வெளியே வந்ததும் “நல்லா சொன்னனாப்பா?” என்று கேட்டாள். நல்லா சொன்னம்மா என்று ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தேன். மடையன்.

ஜூன் 10, செவ்வாய்

ஏ ஷிப்ட். வெயில் இல்லை, புழுக்கம்.

பிரேக் பின் செக்கிங். கையில் இரண்டு முனை கேஜ். ஒரு முனை துளைக்குள்ளே போக வேண்டும், மறு முனை போகக் கூடாது. போனால் கழிவு, சிவப்புப் பெட்டி. முடி அளவு வித்தியாசத்துக்கு எத்தனை பேர் வந்து கெஞ்சியிருக்கிறார்கள், இது ஓடும் சார், விடுங்க சார் என்று. விட்டதே இல்லை. அதை வெளியில் பெருமையாகவும் சொல்லிக்கொள்வேன்.

கேன்டீனில் சட்டத்தின் ஜெராக்ஸைப் படித்தேன். ஆபீஸ் கிளார்க் கொடுத்தது. அறிவுசார் குறைபாடு என்றால்: யோசிப்பது, கற்பது, சிக்கலைத் தீர்ப்பது, இதில் குறிப்பிடத்தக்க அளவு குறைவு. கூடவே அன்றாட வாழ்க்கைக்கு வேண்டிய பழக்கங்களிலும் குறைவு. இரண்டும் சேர்ந்து இருக்க வேண்டும். அப்புறம் நாற்பது சதவீதம். படித்துப் பார்த்தால் குறை சொல்ல முடியவில்லை. சரியாகத்தான் எழுதியிருக்கிறார்கள். ஒருத்தி பாதி ஜடை பின்னுவாள், பாதியில் மறந்துபோய் ஜன்னலைப் பார்ப்பாள் என்பதை எந்தப் பக்கத்தில் எழுதுவார்கள், பாவம்.

நிலைமை என்னவென்று எனக்கே தெளிவாக இருக்கட்டும்:

— ஜூலை 2 பெங்களூருவில் என் நெஞ்சைத் திறக்கிறார்கள். மூன்று அடைப்பு. பிறகு ஆறு வாரம் படுக்கை. எழுந்தால்.

— ரே.வின் அம்மா முனியம்மா போன கார்த்திகையில் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

— குருபரப்பள்ளி தாண்டி உள்ரோட்டில் ஒரு இல்லம். பெண்களுக்கு மட்டும். போய்ப் பார்த்தேன், சுத்தமாக இருக்கிறது. ஒரு கட்டில் காலி. 40க்குக் கீழே சேர்க்க அவர்களுக்கு அனுமதி கிடையாது.

— பக்கத்து வீட்டு சரோஜம்மா பகலில் பார்த்துக்கொள்வார். ராத்திரிக்கு முடியாது, மருமகள் நிறைமாசம்.

— மிச்சம் கோவிந்தன்.

ஜூன் 12, வியாழன்

கோவிந்தன் வந்திருந்தான். முனியம்மாவின் தம்பி. தேன்கனிக்கோட்டை முதல் பஸ், கையில் பலாப்பழம். யானை இந்த வாரமும் வாழைக்குள் இறங்கிவிட்டதாம்.

நான் ஷிப்ட் முடிந்து வருவதற்குள் டிவி மேல் இருந்த தாளை எடுத்துப் படித்துவிட்டான். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

“டாக்டருங்களே எழுதிக் குடுத்துட்டாங்க மாமா. இருபத்தஞ்சுன்னா நாலுல ஒரு பங்குதான? மிச்சம் மூணு பங்கு நல்லாத்தான் இருக்குது.”

அவன் மனைவி வழியில் ஒருவன். அஞ்செட்டிப் பக்கம், நாற்பது வயசு, பெண்டாட்டி செத்துவிட்டாள், இரண்டு சின்னக் குழந்தைகள். குறை எல்லாம் சொல்லியாகிவிட்டது, சோறாக்கிப் போட்டால் போதும் என்கிறானாம். ஆபரேஷனுக்கு முன்னால் முடித்துவிட்டால் எனக்கும் நிம்மதி என்றான்.

ரே. அடுப்பு எரிந்தால் சுவரோடு ஒட்டிக்கொள்வாள் என்றேன். கத்துக்குவா, பொம்பளப்புள்ளதான என்றான்.

கெட்டவன் இல்லை. ரே.வைத் தோளில் தூக்கிக்கொண்டு சந்தை சந்தையாகச் சுற்றியவன். அவள் பெரியவளானபோது தாய்மாமன் சீர் ஒன்று குறைக்காமல் செய்தான், கடன் வாங்கித்தான். அதனால்தான் பயமாக இருக்கிறது. கெட்டவனாக இருந்தால் வாசலோடு அனுப்பிவிடுவேன்.

போகும்போது அந்தத் தாளைப் போனில் போட்டோ எடுத்துக்கொண்டான். மாப்பிள்ளை வீட்டுக்குக் காட்டவாம்.

யோசித்துப் பார்த்தேன். பதினெட்டு தாண்டியவள். 25 போட்ட பிறகு கணக்கில் அவள் முழுப் பெண். அவள் சரி என்றால் சரி, கைநாட்டு வைத்தால் செல்லும். ரே. யார் எது கேட்டாலும் சரி என்பாள். ஆமாம் என்பாள். இப்போது இன்னும் நன்றாகச் சொல்வாள், நான்தான் மூன்று வாரம் பழக்கியிருக்கிறேனே.

பலாப்பழம் வெட்டவில்லை. வீடெல்லாம் வாடை.

ஜூன் 13, வெள்ளி

அரை நாள் லீவு. தனியாகக் கிருஷ்ணகிரி. ரே. சரோஜம்மா வீட்டில்.

ரோடு முழுக்க மாங்காய் லாரி. நசுங்கிய பழத்தின் புளிப்பு நாற்றம் பஸ்ஸுக்குள்ளேயே வந்தது.

சைக்காலஜிஸ்ட் அம்மாவுக்கு முப்பது வயசு இருக்கலாம். கத்துவார் என்று நினைத்துப் போனேன். நடந்ததைச் சொன்னேன், ஆடிட், மனப்பாடம், எல்லாம். பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டார்.

“அவங்க செய்வாங்களான்னுதான் சார் நான் கேட்டேன். நீங்க பக்கத்துல இருந்து செய்ய வைக்கிறதையும் சேர்த்துச் சொல்லிட்டீங்க. நீங்க இல்லேன்னா என்ன செய்வாங்க?”

வெள்ளைத் தாள் ஒன்று கேட்டு வாங்கினேன்.

மறுபரிசீலனைக்கு மனு எழுதிக் கொடுத்தேன். 27ஆம் தேதி வாரியம் மறுபடி கூடுகிறது. அதுவரை தினமும் குறித்து வரச் சொன்னார். எது தானாக, எது சொன்னால், எது செய்வதே இல்லை. ஏற்றவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். அளவெடுப்பது என் தொழில், செய்கிறேன் என்றேன். இங்கே கிறுக்கி வைத்துவிட்டு நல்ல நோட்டில் பிரதி எடுக்க வேண்டும்.

ஜூன் 15, ஞாயிறு

பல் தேய்ப்பது: தேய்க்கிறாள். பேஸ்ட் வைப்பது நான். ‘போதும்’ சொல்லாவிட்டால் நிறுத்துவதில்லை, ஈறில் ரத்தம்.

குளியல்: தானே. தண்ணீர் விளாவுவது நான். வெந்நீர் பச்சைத் தண்ணீர் வித்தியாசம் கையை விட்ட பிறகுதான் தெரிகிறது.

உடை: போடுகிறாள். முன் பக்கம் எது என்று தெரிய முனியம்மா எல்லாச் சுடிதாரிலும் உள்ளே சிவப்பு நூலால் ஒரு தையல் போட்டிருக்கிறாள். இது எனக்கு இன்றுதான் தெரியும்.

சாப்பாடு: தானே. சிந்தல் உண்டு.

மூன்று நாள் விஷயம்: சரோஜம்மா. அப்பன் எழுதக் கூடாத வரி, ஆனால் படிவத்தில் கேள்வி இருக்கிறது.

சாம்பார் பொடி தீர்ந்துவிட்டது.

ஜூன் 17, செவ்வாய்

பால்.

‘கடைக்குத் தனியாகப் போவாளா, ஆமாம்’ என்று சொன்ன அந்தப் பால். இன்று நின்று பார்த்தேன். கேட் திறப்பது நான். ரோட்டில் வண்டி வரவில்லை என்று பார்த்து ‘ம், போ’ சொல்வது நான். எதிர்க்கடை முருகன் இவள் வருவதைப் பார்த்ததும் பாக்கெட்டை எடுத்து வெளியே நீட்டுகிறான். இவள் கையிலிருக்கும் நோட்டை அவனே எடுத்துக்கொண்டு சில்லறையை அவனே உள்ளங்கையில் வைத்து விரலை மடக்குகிறான். பிறகு இங்கிருந்து நான் மறுபடி ‘ம், வா’.

இதற்கு ஆமாம் என்று சொல்லியிருக்கிறேன். வாய் கூசவில்லை.

முருகனிடம் கேட்டேன், எவ்வளவு நாளாக இப்படி. “அக்கா இருந்தப்ப சொல்லி வச்சாங்க சார், நாலஞ்சு வருசம் இருக்கும்” என்றான்.

இடது கை கொஞ்ச நேரம் மரத்துப்போயிற்று. மாத்திரை போட்டதும் சரி.

ஜூன் 19, வியாழன்

பி ஷிப்ட் மாற்றிக்கொண்டு காலை முழுக்க ரே.வுடன். குறித்தேன். ஒரு காலைப் பொழுதில் நான் அவளிடம் சொன்னது நாற்பத்தாறு தடவை. எழு, உட்காரு, ம், இன்னொரு கை, கொண்டையை விடு, ம், தண்ணி குடி.

முனியம்மா இருந்த காலத்தில் இந்த வீட்டில் நான் நிம்மதியாகப் பேப்பர் படித்ததில்லை. காலையிலிருந்து பேசிக்கொண்டே இருப்பாள். சின்னக் குரலில், தெலுங்கும் தமிழும் கலந்து, ஓயாமல். அந்த டம்ளரை எடு கண்ணு, செருப்பு மாட்டு கண்ணு, எங்க அந்தக் காலு. வாயை மூடேண்டி என்று எத்தனை தடவை எரிந்து விழுந்திருக்கிறேன். அவள் சிரித்துக்கொண்டே சத்தத்தைக் குறைப்பாள், நிறுத்த மாட்டாள்.

ரே. எல்லாம் செய்கிறாள், பெரிய பிரச்சினை இல்லை என்று ஊரெல்லாம் சொன்னவன் நான். செய்தது முனியம்மாவின் வாய். இருபத்து மூன்று வருடம் ஒரு நாள் லீவு இல்லாமல்.

அவளிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் போல் இருக்கிறது. போட்டோவுக்கு முன்னால் நின்றால் நடிப்பு மாதிரி இருக்கிறது. விட்டுவிட்டேன்.

ஜூன் 22, ஞாயிறு

மேகமூட்டம். மழை இல்லை.

சைக்காலஜிஸ்ட் அம்மா கேட்ட கேள்வி: நீங்கள் இல்லாவிட்டால்? அளந்து பார்ப்பதென்று முடிவு செய்தேன். வீட்டில் இருப்பேன், பேச மாட்டேன். நாற்காலியில் பேப்பரோடு உட்கார்ந்தேன்.

6.05 விழித்தாள். பாயில் எழுந்து உட்கார்ந்தாள்.

6.40 அதே இடம். என்னைப் பார்க்கிறாள்.

6.50 எதிர்க்கடை ஷட்டர் சத்தம். அந்தப் பக்கம் திரும்பினாள். எழவில்லை.

8.10 “அப்பா” என்றாள். ஒரு தடவைதான். நான் தலையைத் தூக்கவில்லை.

8.50 பாய் நனைந்தது. போர்வையை இழுத்து அதன் மேல் போட்டாள், நான் பார்க்காத மாதிரி.

9.40 என்னால் முடியவில்லை. எழுந்து பக்கத்தில் போனேன்.

“கோவமாப்பா?” என்றாள்.

மூன்று மணி முப்பத்தைந்து நிமிடம். தண்ணீர்கூடக் குடிக்கவில்லை, குடம் எட்டடி தூரம். நல்ல நோட்டில் இப்படிப் பிரதி எடுத்திருக்கிறேன்: ‘குரல் கொடுக்காவிட்டால் எழுவதில்லை.’ பெற்றவன் செய்கிற வேலையா இது. குளிப்பாட்டி, சோறு ஊட்டிவிட்டேன். தானே சாப்பிடுபவளுக்கு ஊட்டினேன், அவளும் வாயைத் திறந்தாள்.

ஆபரேஷன் டேபிளிலேயே நான் போய்விட்டால் நடக்கப்போவதை உட்கார்ந்து நேரம் போட்டுப் பார்த்தாகிவிட்டது.

ஜூன் 24, செவ்வாய்

கோவிந்தன் போன். வரும் ஞாயிறு 29, மாப்பிள்ளை வீட்டார் நான்கு பேர் வருகிறார்கள், பெண் பார்க்க. டாக்டர் தாளை அவர்களும் பார்த்தாயிற்றாம், திருப்தியாம். ரே.விடம் போனைக் கொடுக்கச் சொன்னான். கொடுத்தேன், மறுக்கத் தோன்றவில்லை. எதற்கோ சரி மாமா, சரி மாமா என்றாள்.

கரண்ட் பில் கட்ட. பெங்களூருக்கு ரத்த ரிப்போர்ட் அனுப்ப.

ஜூன் 27, வெள்ளி

வெயில். இரட்டை ஜடை போடவில்லை. வீட்டில் இருக்கிற மாதிரியே கூட்டிப் போனேன்.

நல்ல நோட்டை சைக்காலஜிஸ்ட் அம்மா முழுதும் படித்தார். 22ஆம் தேதிப் பக்கத்தில் நின்றார், என்னை ஒரு பார்வை, பிறகு அடுத்த பக்கம்.

பிறகு அதே கேள்விகள். ரே. பக்கத்திலேயே இருந்தாள். வெளியே உட்கார வைத்திருக்க வேண்டும், தோன்றவில்லை.

தானே தலை சீவுவாங்களா? இல்லை.

ரே. என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

கடைக்குத் தனியா? இல்லை. காசு? இல்லை. உடை? உதவி இருந்தால்தான்.

“செய்வேம்பா” என்றாள், மெதுவாக, எனக்கு ஞாபகப்படுத்துவது போல. போன தடவை ஆமாம் என்று சொன்னது நான்தானே, இவளுக்கு அது நினைவு இருக்கிறது. நான் அடுத்த இல்லை சொன்னேன். அடுத்தது. அதற்கடுத்தது. நாற்காலி விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

“மேடம், நான் பால் வாங்குவேன். அப்பா பொய் சொல்றாரு.”

“தெரியும்மா” என்றார் அந்த அம்மா. சொல்லிக்கொண்டே எழுதினார். ரே. அழுதாள். சத்தமே இல்லாமல், மூக்கு ஒழுக. துடைக்கச் சொல்லி நான் ‘ம்’ என்றேன். துடைக்கவில்லை.

அறுபத்திரண்டு. 50 சதவீதம். மூன்று டாக்டர் கையெழுத்து, சீல். வேண்டியது கிடைத்துவிட்டது.

பஸ்ஸில் என் பக்கத்தில் உட்காரவில்லை. முன்னால் யாரோ ஒரு அம்மாள் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள். நாங்கள் இறங்கும் சூளகிரி வரை ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. பெற்ற நாளிலிருந்து இது முதல் தடவை.

இல்லத்துக்குப் போன் போட்டேன். கட்டில் இருக்கிறது, திங்கள் காலை பத்து மணிக்குக் கூட்டி வரலாம். கோவிந்தனுக்கும் போட்டேன். ஞாயிறு யாரும் வர வேண்டாம், தாள் மாறிவிட்டது என்றேன்.

“எங்கக்கா பொண்ண அனாதையாட்டம் கொண்டுபோய் விடறீங்களா மாமா?” என்று கேட்டுவிட்டுப் போனை வைத்துவிட்டான்.

ஜூன் 28, சனி

புது மாத்திரை. அடித்துப் போட்டதுபோல் தூங்கிவிட்டேன். கண் திறந்தபோது மணி ஏழேகால், நல்ல வெளிச்சம்.

ரே. என் கட்டில் ஓரத்தில் நிற்கிறாள். தலை சீவியிருந்தாள், வகிடு கோணல், பின்பக்கம் சிக்கு அப்படியே. சுடிதார் திருப்பிப் போட்டிருந்தாள், சிவப்புத் தையல் வெளியே தெரிந்தது. கையில் பால் பாக்கெட். கேட் கொண்டி திறந்து கிடக்கிறது. கம்பெனி பஸ்கள் போகிற நேரம், அந்த ரோட்டைத் தாண்டிப் போய்த் திரும்பி வந்திருக்கிறாள். ‘ம்’ சொல்ல யாரும் இல்லை.

“செஞ்சேன். இனிமே அவங்ககிட்ட பொய் சொல்லாத.”

பாக்கெட்டை வாங்கிக்கொண்டேன். நல்லா செஞ்சம்மா என்றேன். என்னை நம்பாமல் பார்த்தாள்.

நல்ல நோட்டில் இதை எழுதவில்லை.

பை: சுடிதார் ஆறு, துண்டு இரண்டு, பேஸ்ட், முனியம்மா போட்டோ சின்னது, சான்றிதழ் ஜெராக்ஸ் மூன்று.

சீப்பு வைக்க.